கறுக்காத குப்பி

ஐரோப்பாவிலிருந்து பாராட்டு வந்த அன்று ஏஞ்சலாவுக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. அந்தப் பாராட்டைப் படிப்பதற்கே ரங்கூனில் தாமுவே சந்தைக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது, ஏனென்றால் இணையக் கடை அங்கேதான் இருந்தது. மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தால் மின்சாரம் போய்விட்டது. கடைக்காரர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி, அது இருமி இருமிக் கிளம்பி, ஒருவழியாகக் கடிதம் திறந்துகொண்டபோது அவளுக்குப் படிக்கிற ஆசையே வற்றிப் போயிருந்தது.

உங்கள் தெருவைப் போல ஒரு தெரு எங்கள் அமைப்பில் வேறெங்கும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பௌத்தர், கிறிஸ்தவர், முஸ்லிம், பர்மியர், தமிழர், பெண்கள், முதியவர்கள் என்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தண்ணீரைச் சோதிக்கிறீர்கள். இது உங்களால் எப்படி முடிந்தது என்பதை எங்கள் மாநாட்டில் சொல்ல விரும்புகிறோம். குழுவில் உள்ள எல்லாரும் நிற்பது போல ஒரு படம் அனுப்ப முடியுமா? ஒரு தடவைகூடக் கெட்டுப்போகாத அந்த அடிபம்பின் பக்கத்தில் நின்றால் இன்னும் அழகாக இருக்கும்.

எப்படி முடிந்தது என்றா கேட்கிறார்கள்! உயிரை விட்டுத்தான் முடிந்தது என்று ஏஞ்சலா மனதுக்குள் பதில் எழுதினாள். கணினியில் எதுவும் எழுதவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் சில நாடுகளில் ஊர் ஜனங்களே தங்கள் கிணற்றையும் ஊற்றையும் சோதித்து, கண்டதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வந்தார்கள். விஞ்ஞானத்தில் சாதாரண மனிதர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் கொஞ்ச காலம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பங்கெடுத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தார்கள். படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், பொழுது போகாத ஓய்வுபெற்ற வாத்தியார்கள். குடியேறி வந்தவர்களைக் காணோம், கூலிக்காரர்களைக் காணோம். எல்லாரையும் எப்படிச் சேர்ப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு, வெளிநாட்டிலும் இரண்டொரு குழு அமைத்துக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். நர்கிஸ் புயலுக்குப் பிறகு ரங்கூனுக்கு உதவிச் சாமான் கொண்டுவந்த ஒரு கன்னியாஸ்திரி, ஏஞ்சலாவின் பெயரை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். ஏஞ்சலா துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். அப்பா அந்தக் காலத்தில் மிஷன் பள்ளி குமாஸ்தா. அதனால் வீட்டில் இங்கிலீஷ் இருந்தது, தெருவில் பர்மிய மொழி இருந்தது, தமிழ் தானாக இருந்தது. மூன்று மொழி தெரிந்த பாவத்துக்கு மாட்டிக்கொண்டாள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. சின்னக் குப்பி, அதற்குள் மருந்து தோய்த்த தாள். தண்ணீரை ஊற்றி மூடி, அடுப்படி மாதிரி வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். தண்ணீரில் மலக்கிருமி கலந்திருந்தால் ஓரிரண்டு நாளில் குப்பி கறுத்துவிடும். இல்லாவிட்டால் கறுக்காது. எழுத்து வாசனையே இல்லாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆட்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. முதலில் வார்டு அலுவலகம். ராணுவ ஆட்சியில், நாலு பேர் கூடி நின்றாலே என்ன ஏது என்று விசாரிக்கிற காலம் அது. சுகாதார வகுப்பு என்று சொல்லி, அங்கிருந்த அதிகாரியின் மனைவிக்குக் குப்பியைக் காட்டி விளக்கிய பிறகுதான் தலையாட்டினார்கள். அடுத்தது கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்மா, ஞாயிற்றுக்கிழமை பூசை, நடுவில் பௌத்தர்களின் விரத நாள் எப்போது வரும் என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒருவழியாக முடிவாயிற்று. அப்புறம் தின்பண்டம். உபதேசியார் சைமன் தவக்காலத்தில் கறி தொடமாட்டார். எதிர்வீட்டு பௌத்தத் தையற்காரி டோ மியா தின் என்றைக்குமே மாட்டுக்கறி தொடமாட்டாள். ஹமீதுன்னிசா வெளிச்சமையல் என்றால் என்ன எண்ணெய், யார் சட்டி என்று கேட்பாள். கடைசியில் வேகவைத்த பட்டாணியும் தேநீரும் என்று தீர்ப்பானது. பட்டாணியில் எந்த மதமும் குறுக்கே வரவில்லை.

விதி ஒன்றையும் ஏஞ்சலா மாற்றினாள். அவரவர் வீட்டுத் தண்ணீரை அவரவர் சோதிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. தன் வீட்டுத் தண்ணீர் கறுத்தது என்று இந்தத் தெருவில் எவள் வாய் திறந்து சொல்வாள்? அதனால் ஒருவர் வீட்டுத் தண்ணீரை இன்னொருவர் சோதிப்பது என்று வைத்தாள். மாதா கோயில் தொட்டியை முஸ்லிம் பார்ப்பார், பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுதைக் கிறிஸ்தவர் பார்ப்பார், இருவர் வீட்டையும் பௌத்தர் பார்ப்பார். எவ்வளவு அருமையான யோசனை என்று ஐரோப்பாவில் கொண்டாடினார்கள். ஏஞ்சலாவுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்த விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவள் ஹமீதுன்னிசா ஒருத்திதான். அவளைத் தெருவில் எல்லாரும், தமிழரானாலும் பர்மியரானாலும், அக்கா என்கிற அர்த்தத்தில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். மாதா கோயில் தொட்டித் தண்ணீர் அவள் கையில் கறுத்தபோது, சனிக்கிழமைக் கூட்டத்தில் குப்பியைச் சைமன் முன்னால் வைத்து, "கறுத்துருச்சு உபதேசியாரே, தொட்டியக் கழுவுங்க" என்றாள். சைமனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இரண்டு வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு தொட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே செத்த எலி. கழுவினார், கூட்டத்துக்கும் திரும்பி வந்தார். சர்ஃபராஸ் வீட்டுத் தண்ணீரும் அவள் கையில் ஒருதரம் கறுத்தது. சொந்த ஜமாத்துப் பையன் என்றும் அவள் பார்க்கவில்லை.

அவளுடைய தண்ணீர் என்று சொன்னால் அது அந்த அடிபம்புதான். அவள் கணவர் அப்துல் சமது இறந்தபோது, அவர் பெயரில் தர்மமாக இருக்கட்டும் என்று வளையல்களை விற்றுத் தெருமுனையில் ஆழக் குழாய் இறக்கி வைத்தாள். பக்கத்தில் ஒரு சலவைக்கல். அதில் தமிழிலும் பர்மிய எழுத்திலும் அவர் பெயர். தண்ணீர் தர்மம் நின்று பலன் தருவது, ஜனங்கள் குடிக்கக் குடிக்கக் கபுரில் கிடக்கிறவருக்கு நன்மை போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. வீட்டு சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பம்பின் கைப்பிடி கிறீச்சிடும்போதெல்லாம், "அவுகளுக்குப் போவுது" என்பாள். பிள்ளை குட்டி இல்லாதவள். அவளுக்கு மிச்சமிருந்த சொத்து அந்தச் சத்தம்தான்.

புயலில் தெருமுனை மரம் முறிந்து அந்தப் பம்பின் மேல் விழுந்தது. பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சிமெண்டு மேடை மட்டும் இரண்டாகப் பிளந்தது. சாக்கடை அங்கிருந்து கையெட்டும் தூரம். ஆனாலும் ஆள் மாற்றி ஆள் முறை வைத்துச் செய்த ஒவ்வொரு சோதனையிலும் அந்தத் தண்ணீர் கறுக்காமலே இருந்தது. ஏஞ்சலாவுக்கு அது இடிக்கத்தான் செய்தது. ஆழமான குழாய், அதனால் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வயதான காலத்தில் மனிதருக்குச் சந்தேகப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

இணையக் கடையிலிருந்து இறங்கி நடந்தவள், மழைக்குப் பயந்து மா ட்வேயின் மொஹிங்கா நூடுல்ஸ் கடைப் பக்கம் ஒதுங்கினாள். கடை மூடிக் கிடந்தது. பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர், மா ட்வேயின் மகளுக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது என்றார். அவள் மட்டுமில்லை, பின்வரிசையில் ஏழெட்டு வீட்டில் இதே கதைதானாம். மழைக்காலத்தில் சகஜம்தானே என்றும் சொல்லி வைத்தார்.

பின்வரிசை என்பது தெருவுக்குப் பின்னால் தகரமும் மூங்கிலுமாக ஒட்டிக்கொண்டிருந்த குடிசைகள். கூலிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள். அவர்களுக்குக் குடிக்க அந்த அடிபம்பை விட்டால் வேறு கிடையாது. ஏஞ்சலா அங்கேயே நின்று யோசித்தாள். எல்லாரையும் சேர்த்துக்கொண்ட அவள் குழுவில் பின்வரிசை ஆள் ஒருவர்கூட இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுக்கு வேலை நேரம். இது இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போய்ப் புதுக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு குடையோடு பம்புக்கு வந்தாள். தண்ணீர் பிடித்து, வீட்டில் அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். கணவர் பிலிப், "ஒனக்கு இந்த வேலைய விட்டா வேற இல்லையா?" என்று கேட்டார். மறுநாள் அவர்தான் முதலில் பார்த்தார்.

"ஏஞ்சலா, இங்க வா. மை மாதிரி கறுத்துக் கெடக்கு."

தவறு நேர்ந்திருக்கும் என்று இன்னொரு குப்பியில் பிடித்தாள். அதுவும் கறுத்தது. அதற்கு மேல் சோதிக்க அவளுக்கு மனமில்லை.

கடைசியாகப் பம்பைச் சோதித்தது டோ மியா தின். அவள் வீட்டுக்குப் போனபோது தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கறுத்த குப்பியைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள். எங்கிருந்து எடுத்தது என்று அவள் கேட்கவே இல்லை. அதிலேயே ஏஞ்சலாவுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"கறுத்துச்சு மா ஏஞ்சலா" என்றாள் பர்மிய மொழியில். "எனக்கு மொறை வந்த மொதத் தடவையே கறுத்துச்சு."

"அப்புறம்?"

"இன்னொரு குப்பி எடுத்து எங்க வீட்டு வடிகட்டின தண்ணிய ஊத்தினேன். சனிக்கிழமை ராத்தா வந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. புருசன் பேரு கல்லுல இருக்கு. நான் எப்படிச் சொல்றது? ஆனாடெ."

இந்தச் சொல் பர்மாவில் பிறந்த எல்லாருக்கும் தாய்ப்பாலோடு வருவது. அடுத்தவர் மனம் நோகுமே, முகம் வாடுமே என்று தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிற கூச்சம். ஏஞ்சலா அதற்கு மேல் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கும் ஆனாடெ.

அதற்கு முந்தைய முறை சர்ஃபராசுடையது. குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தவன். ஏஞ்சலாவைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"நான் கறுக்குறதுக்கே விடல ஆன்ட்டி. கடையில குடிக்கிற பாட்டில் தண்ணிய ஊத்திட்டேன். மேடை ஒடஞ்சு கெடக்கிறதப் பாத்தாலே தெரியலையா? எங்க அத்தாவும் அப்துல் சமது மாமுவும் கூட்டாளிங்க. நான் போயி அவுக பம்புத் தண்ணி நாறுதுன்னு ராத்தாகிட்ட சொல்லவா?"

"ஒனக்கு முன்னாடி யாராவது இப்படிச் செஞ்சது தெரியுமா?"

"இல்லையே. நான் ஒருத்தன்தான் இந்தத் தப்பப் பண்றேன்னு மனசு உறுத்திக்கிட்டே கெடந்துச்சு."

சைமன் வீட்டிலும் இதே கதைதான். அவர் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்றியிருந்தார். அவரும், தான் ஒருவர்தான் இப்படிச் செய்வதாக நினைத்துப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். சாமியார் என்ன சொன்னார் என்று ஏஞ்சலா கேட்டதற்கு, "பரவால்லன்னுட்டார்" என்றார்.

மூன்று பேர், மூன்று மதம், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பொய். எப்படி முடிந்தது என்று கேட்கிறார்களே, இதைத்தான் மாநாட்டில் சொல்ல வேண்டும் என்று ஏஞ்சலா நினைத்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் அவளிடம் சக்தியில்லை.

சைமன் ஒரு வழி சொன்னார். "யாருக்கும் தெரிய வேணாம். மேடை பழசாப் போச்சு, புதுசாப் போட்டுத் தர்றோம்னு சொல்லுவோம். சர்ஃபராசு ஆள் அனுப்புவான். உள்ள பிளீச்சிங் பவுடர் போட்டுட்டா ஆச்சு. அந்தம்மா மனசும் நோகாது, தண்ணியும் சுத்தமாயிரும். ஒரு நாள் வேலை."

ஒரு நாள் வேலை! ஏஞ்சலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன மழைக்காலத்திலேயே யாராவது ஒருவர் வாய் திறந்திருந்தால் ஒரு கொத்தனார் ஒரு நாளில் முடித்திருப்பார். மா ட்வேயின் மகள் இப்போது கையில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்க மாட்டாள்.

சைமன் சொன்னதில் தப்பில்லை என்றும் அவளுக்குப் பட்டது. எவ்வளவு சுலபம்! யாரும் அழ வேண்டாம். சனிக்கிழமை பட்டாணி வழக்கம் போல வேகும். ஐரோப்பாவுக்குப் படம் போகும். உண்மையில் அவள் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது, ஹமீதுன்னிசா போன வாரம் வயிறு சரியில்லை என்று கூட்டத்துக்கு வராதது நினைவுக்கு வந்தது.

"ராத்தா எந்தத் தண்ணி குடிக்கிறாங்க, தெரியுமா ஒங்களுக்கு?"

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். புருசன் பெயரில் உள்ள தண்ணீரை விட்டு அவள் வேறு தண்ணீர் குடித்தது கிடையாது.

அன்று சாயங்காலமே ஏஞ்சலா அவள் வீட்டுக்குப் போனாள். ஹமீதுன்னிசா சன்னலோர நாற்காலியில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஏஞ்சலாவைக் கண்டதும், "வா புள்ள, தேத்தண்ணி போடவா?" என்று எழப் பார்த்தாள்.

"வேணாம் ராத்தா. உக்காருங்க."

சுற்றி வளைத்துப் பேச ஏஞ்சலா நிறைய யோசித்து வந்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது. பையிலிருந்து குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"யாரு வீடு இது?" என்று ஹமீதுன்னிசா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அல்லாவே, இப்புடிக் கறுத்திருக்கே. உடனே சொல்லிட்டியா அவங்ககிட்ட?"

"ஒங்க பம்பு ராத்தா."

ஹமீதுன்னிசா குப்பியை இறக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடியே இருந்தாள். வெளியே யாரோ தண்ணீர் அடிக்க வந்தார்கள், கைப்பிடி கிறீச்சிட்டது. வழக்கமாகச் சொல்வதை அவள் சொல்லவில்லை.

"எப்பலேர்ந்து? போன தடவ நல்லாத்தானே இருந்துச்சு?"

பொய் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். இந்த மழையில்தான் கெட்டிருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏஞ்சலா சொல்லவில்லை. மேடை உடைந்ததிலிருந்தே இருக்கும் என்று சொன்னாள். மியா தின், சர்ஃபராஸ், சைமன் என்று ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பதையும் சொன்னாள். ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் ராத்தா என்று சேர்த்துச் சொன்னபோது, அந்தச் சொற்கள் அவள் காதுக்கே பிடிக்கவில்லை.

"ஒனக்கு?" என்றாள் ஹமீதுன்னிசா.

"எனக்குத் தெரியாது. சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம் இருந்துச்சு" என்று அவள் திரும்பச் சொல்லிக்கொண்டாள். "நான் அதைத்தானே குடிக்கிறேன். பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ராத்தா..."

"என்னைய விடு. நான் கெழவி. இந்த சன்னல்ல உக்காந்துகிட்டு ஒவ்வொரு வாளிக்கும் அவுகளுக்கு நன்மை போவுதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேனே, புள்ள! என்னா போயிருக்கும்? பச்சப் புள்ளைங்களுக்கு வயித்தால போனதெல்லாம் யார் பேருல போயிருக்கும்? பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட போய்க் கேட்டா, தெரியாம நடந்தது, பாவம் சேராதுன்னு சொல்லுவார். எனக்குத் தெரியாதுதான். அவுகளுக்கும் தெரியாது. ஒங்க எல்லாருக்கும் தெரியுமே!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏஞ்சலா பக்கத்தில் போய்க் கையைப் பிடித்திருப்பாள். ஹமீதுன்னிசா குப்பியைத் திருப்பித் தரவில்லை, போர்வைக்குள் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், மக்ரிப் தொழ வேண்டும் என்று சொன்னாள். போ என்பதற்கு அது மரியாதையான சொல். ஏஞ்சலா எழுந்து வந்தாள்.

மறுநாள் காலையில் பம்புச் சத்தம் கேட்கவில்லை. பிலிப்தான் சன்னல் வழியாகப் பார்த்து, "ஒங்க ராத்தா மழையில உக்காந்திருக்காங்க" என்றார். ஏஞ்சலா கால் வலியைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

ஹமீதுன்னிசா பம்பின் கைப்பிடியைக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தாள். பிளந்த மேடையில் முக்காலி போட்டு, தலைக்கு மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். கணவர் பெயர் உள்ள கல்லின் மேல், போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரியும்படி கறுத்த குப்பி இருந்தது. வாளியோடு வருகிற ஒவ்வொருவரிடமும், தனக்குத் தெரிந்த கொச்சைப் பர்மிய மொழியில், "யே மகாங்பூ" என்றாள். தண்ணீர் நன்றாக இல்லை. சிலர் கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் இத்தனை நாள் குடித்தோமே என்று முணுமுணுத்தார்கள். ஒரு சுமைதூக்கி கல்லில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனான். அவள் தலையைக் குனியவில்லை.

"வீட்டுக்குப் போங்க ராத்தா. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்ல. நான் உக்காந்து சொல்றேன். எனக்கு பர்மாப் பேச்சு நல்லா வரும்."

"வேணாம். நானே சொல்லுவேன். கொத்தனாருக்கு ஆள் விட்டிருக்கேன். மத்தியானம் வருவான்."

"சனிக்கிழமை..." என்று ஏஞ்சலா ஆரம்பித்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் வரல." ஹமீதுன்னிசா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உபதேசியார் தொட்டி கறுத்தப்ப அவர் மொகத்துக்கு நேரா சொன்னேனே, எனக்கு நெஞ்சு பதறலன்னா நெனச்சீங்க? மூணு நாளு சோறு எறங்கல. மாதா கோயில் தண்ணிய ஒரு துலுக்கச்சி குத்தம் சொன்னா என்னா ஆவும்னு ஒங்களுக்கெல்லாம் தெரியாததா? அப்பவும் சொன்னேன். நம்ம மனுசங்க, நாமதான் சொல்லணும்னு சொன்னேன். நீங்கல்லாம் என்னைய யாருன்னு நெனச்சீங்க?"

ஏஞ்சலா நின்றுகொண்டே இருந்தாள். உங்கள் மேல் உள்ள மரியாதையால்தான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த மரியாதையால் இந்தக் கிழவி ஒரு வருடமாகச் சாக்கடையைக் குடித்திருக்கிறாள்.

பின்வரிசைச் சந்திலிருந்து மா ட்வே வந்தாள். தூக்கமில்லாத முகம், இடுப்பில் காலி வாளி. ஆஸ்பத்திரியில் மகள் பிழைத்துக்கொண்டாள், கஞ்சிக்குத் தண்ணீர் வேண்டும் என்றாள்.

"யே மகாங்பூ" என்றாள் ஹமீதுன்னிசா. பிறகு கல்லைத் தொட்டுக் காட்டி, இது என் வீட்டுக்காரர் பெயரில் வைத்த பம்பு, எங்களை மன்னித்துவிடு என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

மா ட்வே கல்லைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. கோபப்படக்கூட முடியாத அளவுக்குக் களைத்திருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன நாளா?" என்று கேட்டாள்.

ஹமீதுன்னிசா குடையைச் சற்றே சாய்த்து ஏஞ்சலாவின் பக்கம் திரும்பினாள். மா ட்வேயும் திரும்பினாள்.

"புயலடிச்சதிலேர்ந்து" என்று ஏஞ்சலா பர்மிய மொழியில் சொன்னாள். மா ட்வேக்குக் காதில் விழவில்லை போலிருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.